கார்பாய் அடைப்பான் நிற்க மாட்டேங்குது: ஈரமா, அளவா, அழுத்தமா?

ஈஸ்ட்ஹாம்_ரசிகன்

23 லிட்டர் கண்ணாடி கார்பாய் (வீட்ல பீர் நொதிக்க வைக்கிற, குறுகின கழுத்துள்ள பெரிய குடுவை). உள்ளே 19 லிட்டர் பேல் ஏல் பீர், தொடக்க அடர்த்தி 1.050. துளை போட்ட ரப்பர் அடைப்பான், அதில் மூணு துண்டு ஏர்லாக் (உள்ளே நீர் நிக்கும், வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது). எவ்வளவு அழுத்தி வச்சாலும் அடைப்பான் மெல்ல மேலே ஏறி வந்து சாய்ஞ்சுடுது. நுரை இன்னும் கழுத்துக்கே வரல, ஏர்லாக் அடைக்கவும் இல்ல. ஸ்டார் சான் கிருமிநீக்கிக் கரைசல்ல நனைச்சுத்தான் போடறேன்.

கம்பி போட்டுக் கழுத்தோட கட்டிடலாமா? இல்ல அளவே தப்பா? கடையில் 6½, 7-ஆம் எண் அடைப்பான் ரெண்டும் இருக்கு. எது வாங்கணும்?

நொதிமானி

கம்பி வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அடைப்பானைத் தூக்குவது வாயு என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர்லாக்கில் நீர் நிற்கும் உயரம் 2.5 செ.மீ. என்றால் உள்ளே கூடுதலாக இருக்கும் அழுத்தம் 2.5 மில்லிபார்தான். கார்பாய் கழுத்தின் உள்விட்டம் 30 மி.மீ. என்றால் பரப்பு 7 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் வருவது சுமார் 18 கிராம் எடைக்குச் சமமான விசை. 7-ஆம் எண் ரப்பர் அடைப்பானின் சொந்த எடையே அதைவிடக் கூடுதல். ஏர்லாக் ஒழுங்காகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்வரை வாயுவால் அடைப்பானைத் தூக்க முடியாது.

தூக்குவது ரப்பரேதான். 7-ஆம் எண்ணுக்கு மேல்விட்டம் 37 மி.மீ., கீழ்விட்டம் 30, உயரம் 25. அதாவது ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. உயரத்தில் 3.5 மி.மீ. சரிகிறது, சரிவு 0.14. அழுத்திச் செருகும்போது நசுங்கிய ரப்பர் விரியப் பார்க்கும். சரிவான பக்கம் என்பதால் அந்த விசையில் ஒரு பங்கு மேல்நோக்கி வேலை செய்யும். அதைப் பிடித்து வைப்பது கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. உலர்ந்த ரப்பருக்கு உராய்வுக் குணகம் 0.14-ஐவிடப் பல மடங்கு அதிகம், அசையாது. இடையில் சோப்புத்தன்மை கொண்ட நீர்ப்படலம் இருந்தால் அது 0.14-க்குக் கீழே போய்விடும். பிறகு எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பயனில்லை. அழுத்தக் கூட்டக் கூட, வெளியே தள்ளும் விசையும் பிடிக்கும் விசையும் ஒரே விகிதத்தில்தான் கூடும்.

ஸ்டார் சானில் பாஸ்பாரிக் அமிலத்தோடு டோடெசைல்பென்சீன் சல்போனிக் அமிலமும் இருக்கிறது. இரண்டாவது ஒரு பரப்பிழுவிசைக் குறைப்பி, சலவைத்தூள் வகையறா. அந்த நுரை அதிலிருந்துதான் வருகிறது. அடைப்பானுக்கு எண்ணெய் தடவி வைத்துவிட்டு ஏன் நழுவுகிறது என்று கேட்கிறீர்கள்.

ஸ்கார்பரோ_வைன்

நொதிமானி சொன்னது சரி. செய்முறையை நான் சொல்லுறன்.

அடைப்பானையும் ஏர்லாக்கையும் கிருமிநீக்கியில (லிட்டருக்கு 1.5 மி.லி. அளவு போதும்) ஒரு ரெண்டு நிமிசம் ஊறவிடுங்கோ. எடுத்து உதறுங்கோ. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்ககோல் தெளிச்ச பேப்பர் துவாயால அடைப்பானின்ர பக்கத்தை முழுக்கத் துடையுங்கோ. வேற ஒரு துண்டால கார்பாய் கழுத்தின்ர உள்பக்கம் 4 செ.மீ. ஆழத்துக்குத் துடையுங்கோ. வோர்ட் (நொதிக்க முதல் இருக்கிற இனிப்பு மால்ட் சாறு) ஊத்தேக்க கழுத்தில தெறிச்சிருக்கும், அந்தச் சீனிப் பிசுக்கும் போகவேணும். பிறகு ஒரு நிமிசம் சும்மா விடுங்கோ. ஆல்ககோல் பறந்து, தொட்டால் ரப்பர் கிரீச்செண்டு சத்தம் போடவேணும். அப்பதான் போடுற பதம்.

போடேக்க நேர கீழ அமத்தாமல், கால்வாசி திருப்பிக்கொண்டே அமத்துங்கோ. பாதி உயரம் உள்ள போனால் காணும், மிச்சம் வெளியில நிக்கவேணும். மேல்விளிம்பு கண்ணாடியோட சமமாப் போகுதெண்டால் உங்கட அடைப்பான் சின்னன்.

ஏர்லாக்கைக் கடைசியா போடுங்கோ. முதலே ஏர்லாக்கைச் செருகினால் அடைப்பான் விரிஞ்சு நிக்கும், கழுத்துக்குள்ள போதியளவு இறங்காது. அடைப்பான் இருந்தாப் பிறகு அதின்ர தண்டைச் செருகினால் ரப்பர் உள்ளயிருந்து வெளியால தள்ளுப்பட்டு இன்னும் இறுகும். செருகேக்க மற்றக் கையால அடைப்பானின்ர விளிம்பைப் பிடியுங்கோ, இல்லாட்டி ரெண்டும் சேர்ந்து உள்ள போயிடும்.

ஈஸ்ட்ஹாம்_ரசிகன்

கிருமிநீக்கம் பண்ணதைத் துடைச்சா மறுபடி அழுக்காகாதா? ஈரமாவே போடணும்னுதானே பாட்டில்லயே எழுதியிருக்கு.

தேன்மது

தம்பி, ஈரமாக இருக்க வேண்டும் என்பது பீரைத் தொடும் பரப்புக்கு. அடைப்பானின் பக்கவாட்டு பீரைத் தொடுவதில்லை. தொடுவது அதன் அடிப்பாகத்துக்குக் கீழே இருக்கும் வாயுதான். அடிப்பாகத்தை ஈரமாகவே விட்டுவிடுங்கள், பக்கத்தை மட்டும் துடையுங்கள். 70 சதவீத ஆல்கஹாலே நல்ல கிருமிநீக்கி. அதை 40 சதவீத வோட்காவால் ஈடுசெய்யலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். வேலை கொஞ்சம் குறைவாகத்தான் செய்யும், ஆனால் இந்த இடத்துக்கு அதுவே போதும்.

அளவு: 5, 6 கேலன் கண்ணாடிக் கார்பாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 6½ அல்லது 7. எண்ணை நம்பாமல் கழுத்தை அளந்துவிடுங்கள். வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கழுத்துக்குள் விட்டு விரியவைத்து, குறி போட்டு, வெளியே எடுத்து அளக்கலாம். உள்விட்டம் 6½-ன் மேல்விட்டமான 34-க்கும் கீழ்விட்டமான 27-க்கும் ஏறத்தாழ நடுவில், அதாவது 30, 31 என்று வந்தால் 6½. 33-ஐத் தாண்டினால் 7. ஒரு கேலன் ஜாடிக்கு 6 (32/26). அகன்ற வாய் பெட் (PET) பிளாஸ்டிக் கார்பாய்க்கு 10 (50/42). பிரிட்டனில் 4.5 லிட்டர் டெமிஜான் குடுவைக்கென்றே தனியாக விற்கும் அடைப்பான்களில் எண் இருக்காது. அவற்றின் சரிவு கொஞ்சம் குறைவு, நழுவுவதும் குறைவு.

நொதிமானி

சரிவு குறைந்தால் நழுவல் குறையும் என்பது நான் சொன்ன கணக்கோடு பொருந்துகிறது. சிலிக்கானில் வரும் உள்ளீடற்ற 'யூனிவர்சல்' அடைப்பானும் இதே காரணத்தால்தான் நன்றாக நிற்கிறது. சுவர் மெல்லியது, உள்ளே மடங்கிக்கொடுக்கும், விளிம்பு இருப்பதால் குடுவைக்குள் விழவும் விழாது. ஆனால் ஈரமாகப் போட்டால் அதுவும் ஏறும்.

இப்போது கம்பி விஷயம். சர்க்கரை 1 கிராம் நொதித்தால் ஏறத்தாழ அரை கிராம் கார்பன் டை ஆக்சைடு, அறை வெப்பநிலையில் கால் லிட்டர். உங்கள் 19 லிட்டர் 1.050 வோர்ட் மொத்தமாக 350 லிட்டருக்கு மேல் வாயு தரும், அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளில். உச்சத்தில் மணிக்குப் பல லிட்டர். ஹாப் பூத் துணுக்கோ நுரையோ ஏர்லாக் தண்டை அடைத்தால் அது 4 லிட்டர் மேல்வெளியில்தான் சேர வேண்டும். 0.1 பார் ஏறினாலே அடைப்பான்மேல் 700 கிராம் விசை. அந்த இடத்தில் அடைப்பான் பிய்த்துக்கொண்டு கூரையில் அடிக்கும். சமையலறை நாசம், அவ்வளவுதான். கம்பி கட்டியிருந்தால் அடுத்து விடுபடப் போவது கண்ணாடி. கார்பாய் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்ட பாத்திரம் இல்லை. சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, சுவர் கனம் இடத்துக்கு இடம் மாறும். அடைப்பான்தான் அதன் பாதுகாப்பு வால்வு.

ஸ்கார்பரோ_வைன்

ரப்பர் பாண்ட்? ஏர்லாக்கின்ர அடியைச் சுத்தி ரெண்டு பக்கமும் கழுத்து வளையத்தில கொளுவி விடுறவை நிறையப் பேர்.

நொதிமானி

ஒற்றை மெல்லிய ரப்பர் பேண்ட் பரவாயில்லை, அடைத்தால் அது விட்டுக்கொடுக்கும். ஒட்டுநாடாவும் அப்படித்தான், ஒரே ஒரு பட்டை குறுக்கே. கழுத்தைச் சுற்றிப் பல சுற்று மின்நாடா போடுவது கம்பிக்குச் சமம். ஆனால் துடைத்துப் போட்ட அடைப்பானுக்கு இதெல்லாம் தேவைப்படாது. தேவைப்படுகிறது என்றால் அளவு தப்பு.

இன்னொன்று, பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் நாடாவை அடைப்பானில் சுற்றச் சொல்லிச் சில இடங்களில் எழுதியிருக்கிறது. உலகத்திலேயே வழுக்கலான பொருள்களில் ஒன்று அது. மரை உள்ள இடத்துக்கு மட்டும்.

வாளிக்காரன்

எல்லாரும் கண்ணாடியப் பத்தியே பேசறீங்க. ப்ளாஸ்டிக் வாளிக்காரங்க நிலைமை? மூடியில ரப்பர் வளையம் போட்ட ஓட்டை, அதுல ஏர்லாக். குமிழியே வரல, ஆனா நுரை கட்டியிருக்கு. லீக்னு தெரியுது, எங்கன்னு தெரியல.

தேன்மது

மூடியை நடுவில் விரலால் லேசாக அழுத்துங்கள். ஏர்லாக் நீர் ஒரு பக்கம் ஏறும். அழுத்தியபடியே வைத்திருங்கள். நீர் மட்டம் ஒரு நிமிடம் அப்படியே நின்றால் கசிவு இல்லை. உடனே சமமானால் எங்கோ போகிறது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் மூடி விளிம்பைச் சுற்றியும் ரப்பர் வளையத்தைச் சுற்றியும் தடவி மறுபடி அழுத்துங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

வாளியில் கசிவு பெரும்பாலும் மூடி விளிம்பில்தான். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்பும். தரையில் வைத்து முழங்கையால் சுற்றிச் சுற்றி, டக் டக்கென்று ஒவ்வொரு இடமும் உட்காரும்வரை அழுத்த வேண்டும். விளிம்புப் பள்ளத்தில் இருக்கும் மெல்லிய வளையம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர்லாக் தண்டு சுற்றும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை மலிவு.

ஆனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாயு வெளியே போய்க்கொண்டே இருக்கும், காற்று உள்ளே வர வழியில்லை. குமிழி எண்ணி நொதித்தலை அளக்காதீர்கள். ஹைட்ரோமீட்டர் (அடர்த்திமானி) இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்டினால் முடிந்தது. கசிவு உண்மையில் கெடுதல் செய்வது முடிந்த பிறகு, வாயு நின்றதும். அப்போது வாளியிலிருந்து மாற்றிவிட வேண்டும்.

வாளிக்காரன்

விளிம்புதான். ஒரு பக்கம் வளையம் முறுக்கியிருந்துச்சு. நன்றிக்கா.

ஈஸ்ட்ஹாம்_ரசிகன்

துடைச்சுப் போட்டேன், அசையல. அடுத்த கேள்வி. அடுத்த முறை கோதுமை பீர், நுரை நிறைய வரும்னு சொல்றாங்க. அப்பவும் இதே அடைப்பான் போதுமா?

ஸ்கார்பரோ_வைன்

அதுக்கு ஏர்லாக்கை முதல் மூண்டு நாலு நாளைக்கு மறந்திடுங்கோ. நுரைக்குழாய் (நுரையை வெளியால கொண்டுபோற குழாய்) போடவேணும். துளை அடைப்பானில 9 மி.மீ. குழாயைச் செருகிறது பாதிப் பேர் செய்யிறது. ஹாப்பும் பழச் சக்கையும் அதுக்க சிக்கும், பிறகு நொதிமானி சொன்ன அதே கதைதான். வெளிவிட்டம் 32, உள்விட்டம் 25 மி.மீ. குழாய் கிடைச்சால் அடைப்பானே தேவையில்லை, நேர கழுத்துக்குள்ள இறுகி நிக்கும். மற்ற முனையைக் கிருமிநீக்கி விட்ட ஒரு போத்தலுக்குள்ள 3 செ.மீ. ஆழத்தில விடுங்கோ. ஆழத்துக்கு விட்டால் நல்லதெண்டு நினைக்கக் கூடாது. 20 செ.மீ. ஆழமெண்டால் உள்ள ஏறுற அழுத்தம் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. கண்ணாடி தாங்கும், வாளி மூடி விளிம்பால விடும்.

நுரை அடங்கினதும் கழுத்தைத் துடைச்சுப்போட்டு ஏர்லாக்குக்கு மாறுங்கோ. காய்ஞ்ச நுரைப் பிசுக்கு மேல அடைப்பான் போட்டால் ஒரு பக்கம் ஒட்டும், மற்றப் பக்கம் கசியும்.

கொங்கு_குடுவை

கோயம்புத்தூர்ல இருந்து படிக்கிறேனுங்க. இங்க வீட்ல சின்னதா ஒரு கேலன் ஆப்பிள் சைடர் ட்ரை பண்ணலாமுங்களா? சாமானெல்லாம் ஆன்லைன்லயே கிடைக்குது.

மட்டுறுத்துநர்

முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, அனுமதியில்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் என்பதெல்லாம் அங்கே விலக்கு இல்லை. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான உரிமம் 1963-இல் நீக்கப்பட்டது. கனடா, ஆஸ்திரேலியாவிலும் சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. இந்த இழை அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு. பேச்சு தொடரட்டும்.

தேன்மது

தேன் மதுவும் ஒயினும் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம்.

நொதித்துக்கொண்டிருக்கும்போது ஈஸ்ட் ஊட்டச்சத்துத் தூளை அப்படியே கொட்டாதீர்கள். கரைந்திருக்கும் வாயு ஒவ்வொரு துகளிலும் குமிழியாகக் கிளம்பி, அடைப்பானைத் திரும்ப வைப்பதற்குள் கழுத்து வழியாக வழியும். தூளை 50 மி.லி. தண்ணீரில் கரைத்து, குடுவையை மெதுவாகச் சுழற்றி வாயுவைக் கொஞ்சம் வெளியேற்றிய பிறகு ஊற்றுங்கள். பிறகு கழுத்தைத் துடைத்துத்தான் அடைப்பான்.

இரண்டாவது, மாதக்கணக்கில் வைக்கும்போது. நொதித்தல் முடிந்ததே என்று துளையில்லாத அடைப்பானை உடனே போட்டால் அது வெளியே வருவது நிச்சயம். 20 பாகையில் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 0.85 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைத்திருக்கும். அறை 25-க்கு ஏறினால் 20 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். நொதித்தல் மீண்டும் தொடங்கிவிட்டது என்று பலர் பயப்படுவது இதைத்தான். வாயு நீக்கும்வரை ஏர்லாக் இருக்கட்டும்.

நொதிமானி

அதோடு திரவமே விரியும். வாயுவை முழுக்க நீக்கிவிட்டாலும் 23 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 25 பாகைக்குப் போனால் 27 மி.லி. கூடும், ஒயினில் ஆல்கஹால் இருப்பதால் இன்னும் கொஞ்சம். கண்ணாடி விரிவது அதில் 3 மி.லி.தான் ஈடுகட்டும். காற்றுப் படக் கூடாது என்று அடைப்பானுக்கு 2 செ.மீ. கீழேவரை நிரப்புகிறவர்கள் விடும் இடம் வெறும் 14 மி.லி. மீதி எங்கே போகும்? திரவம் நசுங்காது, அடைப்பானைத்தான் தூக்கும். வெப்பநிலை மாறும் அறையென்றால் 5 செ.மீ. விடுங்கள், அல்லது மாறாத இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

வானிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் சின்னத்தின்போது காற்றழுத்தம் 30 மில்லிபார் இறங்கினால் மூடிய குடுவையின் அடைப்பான்மேல் 200 கிராம் விசை. ஏர்லாக் நீர் தரும் விசையைவிடப் பத்து மடங்குக்கு மேல்.

ஸ்கார்பரோ_வைன்

நீண்டகாலம் வைக்க சிலிக்கானா, ரப்பரா? என்ர எண்ணம் ரப்பர். சிலிக்கான் ஊடா ஒட்சிசன் கூடப் போகும்.

தேன்மது

போகும், உண்மைதான். ரப்பரைவிடப் பல மடங்கு. ஆனால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், வாசனை பிடிக்கும். வெடித்த ரப்பரின் கீறல் வழியாகப் போகும் காற்றைவிட நல்ல சிலிக்கான் வழியாகப் போவது குறைவு. மூன்று மாதம்வரை சிலிக்கான் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் புது ரப்பர். நகத்தால் அழுத்தினால் தடம் மறையாத ரப்பரைத் தூக்கிப்போடுங்கள். ரப்பரைக் கொதிக்க வைக்கும் பழக்கமும் வேண்டாம், சீக்கிரம் இறுகிவிடும்.

எந்த அடைப்பானாக இருந்தாலும் ஏர்லாக் நீர் வற்றினால் எல்லாம் வீண். வாரம் ஒரு முறை பாருங்கள். வற்றிய ஏர்லாக் பழ ஈக்கு வாசல், அது கொண்டுவருவது அசெட்டிக் பாக்டீரியா, முடிவில் வினிகர்.

ஈஸ்ட்ஹாம்_ரசிகன்

குளிரவைக்கும்போது உள்ளே இழுக்குமே, அப்ப?

நொதிமானி

20-லிருந்து 2 பாகைக்குப் போனால் மேல்வெளி வாயு 6 சதவீதம் சுருங்கும். உங்கள் 4 லிட்டருக்குக் கால் லிட்டர். அதற்கு மேல் குளிர்ந்த பீர் வாயுவைக் கரைத்துக்கொள்ளும், நாள் கணக்கில் வைத்தால் லிட்டர் கணக்கில் இழுக்கும். மூணு துண்டு ஏர்லாக் தண்ணீரையே உள்ளே விட்டுவிடும். எஸ் வடிவ ஏர்லாக்கில் காற்று குமிழியாகப் பின்னோக்கி வரும், தண்ணீர் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். எதுவானாலும் ஏர்லாக்கில் வோட்கா ஊற்றிவிடுங்கள், உள்ளே போனாலும் பாதகமில்லை. நுரைக்குழாயைப் போத்தலில் விட்டபடியே குளிரவைத்தால் அந்தப் போத்தல் முழுக்க உள்ளே வந்துவிடும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கழுத்து வியர்க்கும். அந்த ஈரத்தோடு அடைப்பானைக் கழற்றி மாட்டினால் பழைய கதை.

வாளிக்காரன்

அடைப்பான் உள்ளயே விழுந்துட்டா?

ஸ்கார்பரோ_வைன்

இருக்கட்டும், பீருக்கு ஒண்டும் ஆகாது. பீரை வேற பாத்திரத்துக்கு மாத்திப்போட்டு எடுக்கலாம். வெறும் கார்பாய்க்குள்ள மெல்லிய நீளப் பிளாஸ்டிக் பையொண்டை, வாய்ப்பகுதி வெளியில நிக்க விடுங்கோ. கார்பாயைக் கவிழ்த்து, அடைப்பான் ஒடுங்கின பக்கம் வாயைப் பாத்தபடி பைக்கு மேல வந்து இருக்கச் செய்யுங்கோ. பைக்குள்ள ஊதினால் அது அடைப்பானைச் சுத்தி விரியும். பிறகு பையை ஒரே சீராய் இழுக்க அதோட சேர்ந்து வரும். கையுறை போடுங்கோ, கார்பாயை மெத்தை விரிப்புக்கு மேல வையுங்கோ. கம்பியால குத்தி இழுக்கிறது, சுடுதண்ணி ஊத்திறது ரெண்டும் கண்ணாடி வெடிக்கிற வேலை.

ஈஸ்ட்ஹாம்_ரசிகன்

கடைசியா ஒண்ணு. ரெண்டு துளை அடைப்பான் மலிவா கிடைச்சுது. ஒண்ணுல ஏர்லாக், இன்னொண்ணுல வெப்பமானி விடலாமா?

நொதிமானி

வெப்பமானியின் தண்டு துளைக்கு இறுக்கமாக இருந்தால் விடலாம். பெரும்பாலானவை 6 மி.மீ., துளை 9 மி.மீ.க்கு மேல், கசியும். வெப்பநிலைக்குக் கார்பாயின் வெளிச்சுவரில் ஒட்டும் பட்டை போதும், திரவமட்டத்துக்குக் கீழே ஒட்டுங்கள். இரண்டாம் துளையை மாதிரி எடுக்கும் குழாய்க்கு வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் அதே விட்டமுள்ள கண்ணாடித் தண்டால் அடையுங்கள். தண்டையும் துடைத்துவிட்டு.